டொயோட்டா 86: 4000 ஆர்.பி.எம்.மில் விழும் பள்ளமும் பூஸ்ட் ஆசையும்

இந்த முறை ஒரே காரைப் பற்றி வந்த கேள்விகளைச் சேர்த்துத் தருகிறோம். டொயோட்டா 86, சுபாரு பி.ஆர்.இசட், 2016 வரை வட அமெரிக்காவில் விற்ற சயான் எஃப்.ஆர்.எஸ் மூன்றும் அடிப்படையில் ஒரே வண்டிதான். 2012-இல் வந்த முதல் தலைமுறையில் இருப்பது எஃப்.ஏ.20 என்ற 1998 சி.சி. பாக்ஸர் என்ஜின். 200 குதிரைத்திறன், 205 நியூட்டன் மீட்டர் டார்க், கம்ப்ரஷன் 12.5:1.

கேள்வி: என்னிடம் 2013 எஃப்.ஆர்.எஸ் இருக்கிறது. 3000 ஆர்.பி.எம். தாண்டியதும் இழுவை செத்துப்போய், 4500-க்கு மேல்தான் உயிர் வருகிறது. கோல்ட் ஏர் இன்டேக்கும் கேட்-பேக் எக்ஸாஸ்டும் போட்டால் சரியாகிவிடும் என்கிறார்கள். கையில் 2,500 டாலர் உண்டு. எதில் தொடங்குவது? (வாசகர், ஸ்கார்பரோ)

பதில்: உங்கள் காரில் பழுது இல்லை. தொழிற்சாலையிலிருந்து வரும்போதே எஃப்.ஏ.20-க்கு அந்தப் பள்ளம் உண்டு. டைனோ (காரின் திறனை அளக்கும் கருவி) தாளில் டார்க் கோடு 3000-ஐத் தாண்டியதும் சரிந்து, 4000 அருகே அடியைத் தொட்டு, பிறகுதான் நிமிரும். எக்ஸாஸ்ட் வாயுவின் அழுத்த அலை ஹெட்டர் (என்ஜினிலிருந்து வெளிவரும் முதல் எக்ஸாஸ்ட் குழாய்த் தொகுதி) குழாயில் போய்த் திரும்பி வருகிறது. இன்டேக் வால்வும் எக்ஸாஸ்ட் வால்வும் ஒன்றாகத் திறந்திருக்கும் கணத்தில் அந்த அலை வந்து சேரும் நேரம் இந்தச் சுற்றில் பொருந்தவில்லை. அதனால் சிலிண்டர் முழுதாக நிரம்புவதில்லை.

கேட்-பேக் பைப், அதாவது கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் பின்னால் வரும் குழாய், இதற்கெல்லாம் வெகு தூரம் பின்னால் இருக்கிறது. அதை மாற்றினால் சத்தம் மாறும், பள்ளம் அப்படியே இருக்கும். இன்டேக்கும் வேண்டாம். இந்தக் காரின் ஏர் பாக்ஸ் முன்பக்கத்திலிருந்து குளிர்ந்த வெளிக்காற்றைத்தான் ஏற்கெனவே இழுக்கிறது. போதாததற்கு, மாஸ் ஏர் ஃப்ளோ சென்சார் தான் உட்கார்ந்திருக்கும் குழாயின் விட்டத்தை நம்பித்தான் காற்றைக் கணக்கிடுகிறது. வேறு விட்டத்தில் குழாய் போட்டால் கணக்கு பிசகும், ஃப்யூல் ட்ரிம் 8, 10 சதவீதம் என்று ஓடும். எண்ணெய் தடவிய ஃபில்டராக இருந்தால் அந்த எண்ணெய் சென்சார் கம்பியில் படிந்து அளவைக் கெடுக்கும்.

பணம் முழுவதும் ஹெட்டருக்கும் டியூனுக்கும் (என்ஜின் கம்ப்யூட்டரின் கணக்கை மாற்றி எழுதுவது) போகட்டும். நான்கு குழாய்களும் ஒரே நீளம் கொண்ட ஹெட்டரையே வாங்குங்கள். நீளம் சமமில்லாத வகை பழைய சுபாருவின் உறுமலைத் தரும், ஆனால் பள்ளத்தை நிரப்புவதில் சம நீளம்தான் கெட்டி. இந்த என்ஜினில் முதல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் ஹெட்டரிலேயே இருக்கிறது. கன்வெர்ட்டர் இல்லாத ஹெட்டர் மலிவாகக் கிடைக்கும். ஒன்டாரியோவில் கார்களுக்கான புகைச் சோதனை 2019-இல் நின்றுவிட்டாலும், உமிழ்வுக் கருவியைக் கழற்றுவது இன்றும் சட்டமீறல்தான். பி0420 என்ற பழுதுக் குறியீடும் என்ஜின் எச்சரிக்கை விளக்கும் கூடவே வரும். கன்வெர்ட்டர் உள்ளதையே வாங்குங்கள்.

ஹெட்டர் என்ஜினின் அடியில் தொங்குவதால் வேலை கீழிருந்துதான். உங்கள் ஊர் உப்புச் சாலையில் ஓடிய காரில் நட்டுகள் துருவோடு ஒன்றிப்போயிருக்கும். முந்தைய நாள் இரவே பெனட்ரேட்டிங் ஆயில் ஊற்றி ஊற விடுங்கள். ஆக்ஸிஜன் சென்சாரை அதற்கென்று உள்ள, பக்கத்தில் பிளந்த 22 மி.மீ. சாக்கெட்டால் மட்டும் கழற்றுங்கள். மாட்டும்போது மரையில் கொஞ்சம் ஆன்டி-சீஸ் போதும், முனையில் ஒரு துளிகூடப் படக்கூடாது. கேஸ்கெட் எல்லாம் புதிதாக இருக்க வேண்டும். எல்லா நட்டையும் கையால் பிடித்து, குழாய் தானாக உட்கார்ந்த பிறகு, மாற்றி மாற்றி முறுக்குங்கள். ஒரு பக்கத்தை முழுதாக இறுக்கிவிட்டு மறுபக்கம் போனால் ஃப்ளேஞ்ச் சாய்ந்துவிடும்.

அப்படிச் சாய்ந்து, மயிரிழை அளவு கசிந்தாலே போதும், டியூன் கெட்டுவிடும். எக்ஸாஸ்ட் துடிப்புகளுக்கு இடையே அந்த இடைவெளி வழியாக வெளிக்காற்று உள்ளே இழுபடும். முன் சென்சார் அதைப் பார்த்து, கலவை மெலிந்துவிட்டது என்று சொல்லும். கம்ப்யூட்டர் தேவையில்லாமல் பெட்ரோலைக் கூட்டும். கசிவைக் காதாலேயே பிடிக்கலாம். குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்த முதல் நிமிடத்தில் 'டிக் டிக்' என்று கேட்டு, சூடேறி உலோகம் விரிந்ததும் சத்தம் அடங்கினால், ஃப்ளேஞ்சில் டார்ச் அடித்துப் பாருங்கள். கேஸ்கெட் ஓரத்தில் மெல்லிய கரிக்கோடு தெரியும். இரண்டு மூன்று முறை சூடாகி ஆறியபின் எல்லா நட்டையும் ஒருமுறை மறுபடி இறுக்கிவிடுங்கள்.

ஹெட்டரோடு நிறுத்தினால் பாதிப் பலன்தான். இரண்டு கேம்களின் நேரத்தையும் புதுக் குழாய்க்கு ஏற்ப நகர்த்துவது டியூனின் வேலை. தரையில், அதாவது சக்கரத்தில் அளக்கும்போது, 165 குதிரைத்திறன் அளவுக்குக் காட்டும் கார் 180-ஐ ஒட்டி வரும். டைனோவுக்கு டைனோ எண் மாறும், அதைப் பெரிதாக எடுக்க வேண்டாம். 4000-இல் கிடைக்கும் டார்க்கைத்தான் நீங்கள் தினமும் உணர்வீர்கள். டியூனரிடம் மூன்றாம் கியரில் 2500-லிருந்து 7400 வரையான லாக் (ஓட்டத்தின் தரவுப் பதிவு) கேட்டு வாங்குங்கள். அதில் ஐ.ஏ.எம். என்ற எண் 1.0-இல் நிற்க வேண்டும். கீழே இறங்கினால் என்ஜின் நாக் (கலவை தானாக வெடிக்கும் தட்டல்) கேட்டு தீப்பொறி டைமிங்கைப் பின்னிழுக்கிறது என்று பொருள். அந்த டியூனோடு காரை எடுத்து வராதீர்கள்.

கேள்வி: டியூன் செய்த பிறகு ரான் (ஆக்டேன் எண்) 95 பெட்ரோல் போடலாமா? (வாசகர், கோலாலம்பூர்)

பதில்: கூடாது. 12.5:1 கம்ப்ரஷனுக்கு 97 கீழ் எல்லை. 97-க்கு டியூன் செய்யச் சொல்லுங்கள், 100-க்கு வேண்டாம். ஊருக்குப் போகும் வழியில் 100 கிடைக்காத பங்க்கில் நின்றால், 100-க்குச் செய்த டியூனில் நீங்கள் ஓட்டுவது நாக்கிங்கோடுதான்.

கேள்வி: இங்கே இ85 (எத்தனால் அதிகம் கலந்த எரிபொருள்) தாராளமாகக் கிடைக்கிறது. பெட்ரோல் டேங்கில் நேராக ஊற்றலாமா? (வாசகர், டாலஸ்)

பதில்: டியூன் இல்லாமல் ஊற்றாதீர்கள். பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று தேவை என்றால் இ85-க்கு 9.8 அளவுதான், அதாவது அதே காற்றுக்கு எடைக் கணக்கில் சுமார் ஐம்பது சதவீதம் கூடுதல் எரிபொருள் வேண்டும். பழைய கணக்கில் ஓடினால் கலவை ஆபத்தாக மெலியும். முறையாகச் செய்தால் இந்த உயர் கம்ப்ரஷன் என்ஜினுக்கு இதைவிட நல்ல தீனி கிடையாது. நாக் அடங்குவதால் டைமிங்கை முன்னே தள்ளலாம்.

பங்க்கில் இ85 என்று எழுதியிருந்தாலும் பருவத்தைப் பொறுத்து எத்தனால் 51-லிருந்து 83 சதவீதம் வரை மாறும். அதனால் எரிபொருள் குழாயில் எத்தனால் சென்சார் வைத்து, ஃப்ளெக்ஸ் டியூன் போடுவதே சரி. குளிர் காலையில் குறுகிய தூரமே ஓட்டுபவர்கள் ஆயிலைச் சீக்கிரம் மாற்றுங்கள். எரியாத எத்தனால் ஆயிலில் இறங்கும்.

கேள்வி: சூப்பர்சார்ஜரா, டர்போவா? தரையில் 300 குதிரைத்திறன் வேண்டும். 2012 மாடல், 95,000 மைல் ஓடியது. (வாசகர், லண்டன்)

பதில்: முதலில் என்ஜினின் உடல்நிலை. 2012, 2013 வண்டிகளுக்கு 2018 நவம்பரில் வால்வு ஸ்பிரிங் ரீகால் வந்தது. உங்கள் வண்டி எண் அதில் இருக்கிறதா, வேலை முடிந்துவிட்டதா என்று டீலரிடம் கேளுங்கள். பிறகு லீக்-டவுன் சோதனை (சிலிண்டரில் செலுத்திய காற்று எத்தனை சதவீதம் கசிகிறது என்று பார்ப்பது). நான்கு சிலிண்டரும் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் 20 காட்டினால் பூஸ்ட் (காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளுவது) பேச்சையே எடுக்க வேண்டாம்.

இந்த என்ஜினில் முதலில் கைவிடுவது பிஸ்டனை கிராங்க்கோடு இணைக்கும் கனெக்டிங் ராட். அதை வளைப்பது குதிரைத்திறன் அல்ல, டார்க். எந்தச் சுற்றில் அந்த டார்க் வருகிறது என்பதும் முக்கியம். 300 நியூட்டன் மீட்டரை 6500-இல் தந்தால் 278 குதிரைத்திறன் வரும். அதே 300-ஐ 3500-இல் தந்தால் 150 தான். ஆனால் இரண்டாவதே ராடுக்குக் கொடுமை. தாழ்ந்த சுற்றில் கலவை நாக் ஆக நேரம் அதிகம். உயர் சுற்றில் பிஸ்டனின் சொந்த வேகம் ராடை மேல்நோக்கி இழுத்து எரிப்பு அழுத்தத்தில் கொஞ்சத்தை ஈடுகட்டும், கீழே அந்த உதவி கிடையாது. சின்ன டர்போ ஒன்று 3000-இலேயே முழு பூஸ்டையும் கொட்டினால் ராட் வளையும் இடம் அதுதான்.

ஆகவே ஸ்டாக் (தொழிற்சாலையில் வந்த) அடிப்பாகத்தோடு ஓட்டுவதென்றால் சென்ட்ரிஃபியூகல் சூப்பர்சார்ஜரே எங்கள் பரிந்துரை. சுற்று ஏற ஏறத்தான் அதன் பூஸ்ட் ஏறும். 7400 வரை சுழலத்தானே இந்த என்ஜினை விரும்பி வாங்கினீர்கள், அந்தக் குணத்தை அது கெடுப்பதில்லை. 0.5 பார் பூஸ்ட், நல்ல சூப்பர் அன்லெடட், தரையில் 240 முதல் 260. அதில் நில்லுங்கள். 300 என்பது டியூனர்கள் ஸ்டாக் ராடுக்கு வைத்திருக்கும் எல்லை, அதன் மேல் தினமும் ஓட்டினால் விளைவு வேறு. கட்டாயம் 300 வேண்டுமென்றால் ஃபோர்ஜ்டு ராட், பிஸ்டன் செலவை முதல் நாளே கணக்கில் சேருங்கள். பாக்ஸரில் பிஸ்டனைத் தொட என்ஜினைக் கீழே இறக்கி பிளாக்கை இரண்டாகப் பிளக்க வேண்டும்.

கிட் மாட்டும்போது பிளக் ஒரு படி குளிர்ந்த வகை, இடைவெளி 0.7 மி.மீ. இடைவெளி அகலமாக இருந்தால் பூஸ்டில் தீப்பொறி அணைந்து, 5500-க்கு மேல் கார் குலுங்கும். பலர் இதைப் பார்த்துவிட்டுக் காயிலை மாற்றிப் பணத்தை வீணாக்குகிறார்கள். பிளக்குகள் சிலிண்டர் ஹெட்டின் பக்கவாட்டில், சேசிஸ் கம்பியை ஒட்டி இருப்பதால் சின்ன எக்ஸ்டென்ஷனும் வளையும் மூட்டும் வேண்டும். என்ஜின் முழுதாக ஆறியபின்தான் திருகுங்கள். பெல்ட் புதிதாக இருக்கையில் நீளும், 500 கி.மீ. கழித்து இறுக்கம் பாருங்கள். புல்லிகள் ஒரே நேர்கோட்டில் இல்லையென்றால் பெல்ட் ஓரத்தில் நூல் பிரியும்.

இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் எழுத்தில் தெரிவியுங்கள். மறைத்தால் விபத்து நேரத்தில் பாலிசி நிற்காது. கன்வெர்ட்டர் இல்லாத கார் எம்.ஓ.டி. என்ற வருடாந்திர வாகனச் சோதனையில் தோற்கும்.

கேள்வி: செப்பாங் ட்ராக்கில் நான்காவது லேப்பிலேயே ஆயில் 130 டிகிரி காட்டுகிறது. மோட் எதுவும் இல்லை. (வாசகர், ஜொகூர் பாரு)

பதில்: உடனே ஆயில் கூலர் போடுங்கள், வேறு எந்த பார்ட்டும் அதற்குப் பிறகுதான். 5.543 கி.மீ. லேப், நீண்ட நேர்ப்பாதைகளில் முழு ஆக்ஸிலரேட்டர், மலேசிய வெயில், இத்தனைக்கும் மேலே 0டபிள்யூ-20 என்ற மெல்லிய ஆயில். 120-ஐத் தொட்டால் ஒரு லேப் மெதுவாக ஓட்டுங்கள், 130 என்றால் பிட்டுக்கு வாருங்கள்.

எஃப்.ஏ.20-இல் ஃபில்டர் என்ஜினின் மேலே, தலைகீழாக இருப்பதால், ஃபில்டருக்கு அடியில் வைத்து ஆயிலைக் கூலருக்குத் திருப்பும் சாண்ட்விச் பிளேட் போடுவது எளிது. மரை எம்20, பிட்ச் 1.5. தெர்மோஸ்டாட் உள்ள பிளேட்டே வேண்டும், இல்லையென்றால் தினசரி ஓட்டத்தில் ஆயில் சூடேறாமல் ஈரம் தங்கும். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் என்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். விரலால் தடவிப் பார்த்து எடுத்துவிடுங்கள், அதன் மேல் பிளேட்டை இறுக்கினால் அழுத்தத்தில் ஆயில் பீய்ச்சும். ட்ராக்குக்கு 5டபிள்யூ-30 ஊற்றுங்கள். ஃபில்டரோடு 5.4 லிட்டர் வழக்கமாகப் போகும், கூலரும் குழாயும் சேர்ந்து இன்னும் கொஞ்சம் குடிக்கும். தெர்மோஸ்டாட் திறக்கும் வரை ஓட்டி, நிறுத்தி, பத்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக் பார்த்து மேல்கோடு வரை நிரப்புங்கள்.