14 மாதம் கழித்துத் திரும்பிய சினைப்பைப் புற்றுநோய்: மறுபடியும் அதே கீமோ ஏன்?

கேள்வி: அம்மாவுக்கு வயது 58. சினைப்பைப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்து, கார்போபிளாட்டின், பாக்ளிடாக்சல் கீமோ 6 சைக்கிள் முடித்து 14 மாதங்கள் ஆகின்றன. இப்போது சிஏ 125 (ரத்தத்தில் பார்க்கும் புற்றுநோய்க் குறியீடு) ஏறியிருக்கிறது. சிடி ஸ்கேனில் வயிற்றுக்குள் சில இடங்களில் கட்டி தெரிகிறது, வயிறும் உப்பியிருக்கிறது. கார்போபிளாட்டினுடன் லைபோசோமல் டாக்சோருபிசின் கொடுக்கலாம் என்கிறார் டாக்டர். தோற்றுப்போன மருந்தையே மறுபடி ஏன் கொடுக்க வேண்டும்? பாதத்தில் மரத்துப்போன உணர்வு அம்மாவுக்கு இன்னும் போகவில்லை.

பதில்: கார்போபிளாட்டின் உங்கள் அம்மாவிடம் தோற்கவில்லை. 14 மாதம் நோயை அடக்கி வைத்திருக்கிறது. சினைப்பைப் புற்றுநோய் திரும்பும்போது நாங்கள் முதலில் பார்ப்பது இந்த இடைவெளியைத்தான். கார்போபிளாட்டின் போன்ற பிளாட்டினம் மருந்தைக் கடைசியாகக் கொடுத்த பிறகு 6 மாதத்துக்குள் நோய் வந்துவிட்டால், அதே மருந்து மறுபடி பலன் தரும் வாய்ப்பு குறைவு. பெரும்பாலும் வாராந்திர பாக்ளிடாக்சல் போன்ற வேறு மருந்துக்குப் போவோம். 6 மாதத்தைத் தாண்டினால், அதிலும் ஒரு வருடத்தைத் தாண்டினால், கட்டி மறுபடியும் பிளாட்டினத்துக்குக் கட்டுப்படும் என்று நம்ப நல்ல காரணம் இருக்கிறது. அதனால் கார்போபிளாட்டின் சரியான தேர்வுதான்.

அதற்குத் துணையாக எதைச் சேர்ப்பது என்பதில்தான் உண்மையான தேர்வு இருக்கிறது. பாக்ளிடாக்சல், ஜெம்சிடபின், லைபோசோமல் டாக்சோருபிசின் மூன்றுமே வழக்கத்தில் உள்ளவை. 2010-இல் வெளியான கலிப்ஸோ ஆய்வில் பாக்ளிடாக்சல் ஜோடியையும் லைபோசோமல் டாக்சோருபிசின் ஜோடியையும் ஒப்பிட்டார்கள். நோயைக் கட்டுப்படுத்துவதில் இரண்டாவது ஜோடி சற்று முன்னால் நின்றது. ஆயுளில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. நரம்புப் பாதிப்பும் முடி கொட்டுவதும் அதில் வெகுவாகக் குறைவு. ஏற்கெனவே பாதம் மரத்துப்போனவருக்கு மறுபடி பாக்ளிடாக்சல் கொடுக்க எனக்கு மனம் வராது. சட்டைப் பொத்தான் போடவும் தடுமாறாமல் நடக்கவும் முடிவது சின்ன விஷயமில்லை.

லைபோசோமல் டாக்சோருபிசினுக்கும் தொந்தரவுகள் உண்டு. உள்ளங்கை, உள்ளங்காலில் தோல் சிவந்து உரியலாம், வாய்ப்புண் வரலாம். வெந்நீரையும் இறுக்கமான செருப்பையும் தவிர்க்கச் சொல்லுங்கள். தொடங்கும் முன் இதயத்துக்கு எக்கோ எடுப்பார்கள். அப்புறம் முக்கியமான ஒன்று: கார்போபிளாட்டினை இரண்டாம் முறை வாங்கும்போதுதான் ஒவ்வாமை அதிகம் வரும். மருந்து ஏறும்போது உள்ளங்கை அரிப்பு, முகம் சிவத்தல், மூச்சுத் திணறல் எது வந்தாலும் அம்மா உடனே நர்ஸிடம் சொல்ல வேண்டும். வீட்டில் 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் வந்தால் விடியும்வரை காத்திருக்காதீர்கள்.

சிஏ 125 மட்டும் ஏறி, தொந்தரவு எதுவும் இல்லாமல் இருந்திருந்தால் அவசரப்படாமல் கவனித்துக்கொண்டே இருக்கலாம் என்று சொல்லியிருப்பேன். எண்ணைப் பார்த்து முன்கூட்டியே கீமோ தொடங்குவதால் ஆயுள் கூடுவதில்லை. அம்மாவுக்கு ஸ்கேனிலும் தெரிகிறது, உப்புசமும் இருக்கிறது. எனவே சிகிச்சை தேவை.

வருத்தத்தோடு இதையும் சொல்ல வேண்டும். திரும்பி வந்த பிறகு இந்த நோயை முழுவதும் குணமாக்குவது அரிது. நோயை அடக்கி, நல்லபடியாக வாழும் காலத்தை நீட்டுவதே நோக்கம். அது பலருக்கும் கைகூடுகிறது. அம்மா எதற்கு முக்கியத்துவம் தருகிறார் என்பதை அவரிடமே கேளுங்கள். மருந்து முடிவில் அதற்கும் இடம் உண்டு.

டாக்டரிடம் மூன்று விஷயம் கேளுங்கள். கட்டிகளை முழுவதும் எடுக்க முடியுமென்றால் கீமோவுக்கு முன் மறுபடி அறுவை சிகிச்சைக்கு வழி உண்டா? கட்டிக்குப் புது ரத்தக்குழாய் வளர்வதைத் தடுக்கும் பெவாசிசுமாப் மருந்தைச் சேர்க்கலாமா? (ரத்த அழுத்தம் அதிகமிருந்தாலோ குடலில் கட்டி ஒட்டியிருந்தாலோ யோசிப்பார்கள்.) சினைப்பை, மார்பகப் புற்றுநோயோடு தொடர்புள்ள பிஆர்சிஏ மரபணுக்களுக்கான பரிசோதனை செய்தாயிற்றா? அதில் மாற்றம் இருந்து, கீமோவுக்கு நோய் கட்டுப்பட்டால், ஓலாபரிப் போன்ற மாத்திரையைத் தொடர்ந்து கொடுக்க முடியும். பரம்பரையாக வந்த மாற்றமாக இருந்தால் அம்மாவின் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அது வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. மகன்களுக்கும் இது பொருந்தும். அப்படித் தெரியவந்தால் நீங்களும் உடன்பிறந்தவர்களும் மரபணு ஆலோசகரைப் பாருங்கள்.