நாரி நோவுக்கு எண்ணெய் உருவலா, 'டக்'கென்று முறிப்பதா?

கேள்வி: மருதமுனையில் கைத்தறி நெய்கிறேன். வயது 44. மூன்று கிழமையாக நாரி பிடித்திருக்கிறது. நோவு வலது பிட்டம் வரை இறங்கும், முழங்காலைத் தாண்டாது. உம்மா பரிசாரியாரிடம் எண்ணெய் போட்டு உருவச் சொல்கிறா. மகன் போனில் கைரோபிராக்டிக், அதாவது முள்ளந்தண்டைக் கையால் 'டக்'கென்று அசைக்கும் வைத்தியத்தின் வீடியோ காட்டி, கொழும்புக்குப் போவோம் என்கிறான். பார்மசியில் ஒரு பெல்ட்டும் வாங்கிவிட்டேன். எதைச் செய்ய, டொக்டர்?

பதில்: தம்பி, முதலில் மூன்று விஷயம் பாருங்கள். சிறுநீர் கழிக்கக் கஷ்டமா, அல்லது தெரியாமலே போகிறதா? தொடை இடுக்கு, மலவாசல் பக்கம் மரத்திருக்கிறதா? நடக்கும்போது கால் சோர்ந்து செருப்பு கழல்கிறதா? ஒன்றுக்கு ஆம் என்றாலும் மிச்சத்தைப் பிறகு வாசிக்கலாம், இப்போதே வைத்தியசாலைக்குப் போங்கள். காய்ச்சல், காரணமில்லாத மெலிவு, முன்பு வந்த புற்றுநோய் அல்லது காசநோய், நெடுநாள் ஸ்டீரொயிட் குளிசை, இவை இருந்தாலும் டொக்டர் பார்க்கும் வரை முதுகை யாரும் தொடக் கூடாது.

இவை ஒன்றும் இல்லையென்றால் உங்களுடையது சாதாரண நாரிப்பிடிப்புதான். அநேகமாக ஆறு கிழமைக்குள் தானாகவே தணியும். எண்ணெய்க்காரருக்கும் முறிப்பவருக்கும் நல்ல பெயர் வருவதில் பாதி இதனால்தான்!

மகன் காட்டிய 'டக்' சத்தம் விலகிய எலும்பு திரும்பிப் பொருந்துகிற சத்தமில்லை. மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் வாயுக் குமிழி உண்டாகும்போது வருவது. விரலைச் சொடக்கினாலும் அதே சத்தம்தான். 1895இல் அமெரிக்காவில் தொடங்கிய இந்த வைத்தியத்தை அங்கே பல வருடம் படித்து உரிமம் பெற்றவர்தான் செய்யலாம். வீடியோ பார்த்துப் பழகியவரிடம் முதுகைக் கொடுக்காதீர்கள். படித்தவர் செய்தால் நாரிக்குக் கொஞ்சம் சுகம் வரலாம். ஆனால் கழுத்தைத் திருப்ப மட்டும் விடவேண்டாம். அபூர்வமாகத்தான் நடக்கும், நடந்தால் மூளைக்குப் போகும் இரத்தக்குழாய் கிழிந்து பாரிசவாதம் வரை போகும். நாரி நோவுக்குக் கழுத்தை ஏன் முறிக்க வேண்டும் என்பதே எனக்கு இன்னும் விளங்கவில்லை.

எண்ணெய் உருவல் தசை இறுக்கத்தைத் தளர்த்தும், அன்றிரவு நித்திரை வரும். அந்தச் சுகம் நாலைந்து நாளைக்குத்தான். இரண்டில் ஒன்று என்றால் நான் உம்மா பக்கம். முள்ளந்தண்டில் ஏறி மிதிக்க மட்டும் விடாதீர்கள்.

பெல்ட்டைக் கழற்றி வையுங்கள். மூன்று மாதம் தாண்டிய நாரி நோவுக்கு உலக சுகாதார நிறுவனம் 2023இல் தந்த வழிகாட்டலில் உருவலும் முதுகைக் கையால் அசைக்கும் வைத்தியமும் நிபந்தனையோடு இடம்பெற்றன. பெல்ட் வேண்டாம் என்றே சொல்லியிருக்கிறது.

உண்மையான சிக்கல் தறியில். நாள் முழுக்கக் குந்தியிருந்து, முன்னுக்குக் குனிந்து, காலால் மிதிக்கிறீர்கள். எந்த எண்ணெய் இதை மாற்றும்? தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் நூல் தீர்கிற ஒவ்வொரு தடவையும் எழும்பி நில்லுங்கள், இடுப்பில் கை வைத்துப் பின்னால் ஐந்து தரம் வளையுங்கள், அப்புறம் நூல் மாற்றுங்கள். பின்னேரம் கடற்கரையில் அரை மணித்தியாலம் நடவுங்கள். படுத்தே கிடந்தால் நாரி இன்னும் இறுகும். ஆறு கிழமை கழிந்தும் குறையாவிட்டால், அல்லது நோவு முழங்காலைத் தாண்டினால், கொழும்புக்கு பஸ் ஏறாமல் அரசாங்க வைத்தியசாலைக்கு வாருங்கள். பிசியோதெரபிக்கு அங்கே காசில்லை.