மாத மளிகைச் செலவைக் குறைக்க நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

எந்தக் கடையில் மலிவு, எப்போது தள்ளுபடி என்று அலைவதை நான் பெரும்பாலும் விட்டுவிட்டேன். என்னைக் கேட்டால், முதலில் வீட்டுக் குப்பைத்தொட்டியைப் பாருங்கள் என்பேன்.

சின்னக் கணக்குதான். 20 சதவீதத் தள்ளுபடியில் ஒரு கிலோ காய் வாங்குகிறீர்கள், அதில் கால் கிலோ அழுகிப் போகிறது. தள்ளுபடியே இல்லாமல் முக்கால் கிலோ மட்டும் வாங்கியிருந்தால் இதைவிடக் குறைவாகத்தான் ஆகியிருக்கும். ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024ஆம் ஆண்டு அறிக்கைப்படி, 2022இல் உலகம் முழுக்க வீணான சுமார் 105 கோடி டன் உணவில் 60 சதவீதம் வீடுகளில் வீணானது. பழி எப்போதும் ஓட்டல்களுக்குத்தான் போகிறது!

அதனால் பட்டியல் எழுதும் முன் ஃபிரிட்ஜைத் திறந்து பாருங்கள். இருப்பதை வைத்து அடுத்த சில நாள் சமையலை முடிவு செய்துவிட்டு, குறைவதை மட்டும் எழுதுங்கள். புதிதாக வாங்கியதைப் பின்னால் தள்ளி, பழையதை முன்னால் வையுங்கள். கீரையை ஈரத்தோடு வைத்தால் சீக்கிரம் அழுகும். ஈரம் போனதும் துணியில் சுற்றி வைக்கலாம். வாழைப்பழமும் ஆப்பிளும் எத்திலீன் வாயுவை வெளியிடும், பக்கத்தில் கீரை இருந்தால் அது மஞ்சளாகிவிடும். வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் ஒரே கூடையில் போடாதீர்கள். ஃபிரிட்ஜுக்குள் 4 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டால் மிச்ச உணவும் பாலும் சீக்கிரம் கெடாது.

சரி, கடைக்குப் போயாச்சு. பாக்கெட்டின் விலையைப் பார்க்காமல் 100 கிராமுக்கு எவ்வளவு என்று பாருங்கள். பெரிய பாக்கெட் என்றால் மலிவாகத்தான் இருக்கும் என்று நம்பி எடுத்துவிடுகிறோம், எப்போதும் அப்படி இல்லை. விலையை ஏற்றாமல் எடையைக் குறைக்கும் வித்தையும் நடக்கிறது. பாக்கெட் அதே அளவில் இருக்கும், உள்ளே 500 கிராம் 450 ஆகியிருக்கும். கண் உயரத்தில் இருக்கும் தட்டு கடைக்காரர் நாம் வாங்க வேண்டும் என்று நினைக்கும் பொருளுக்கானது. கொஞ்சம் குனிந்து கீழ்த்தட்டையும் பார்ப்பது நல்லது.

மொத்தமாக வாங்குவதென்றால் உப்பு, சர்க்கரை, சோப்பு போன்றவை சரி. மசாலாப் பொடிகள் வேண்டாம், வாசனை போய்விடும். எண்ணெயும் திறந்து நாளானால் காறல் வாடை அடிக்கும்.

அப்புறம் ஆன்லைனில் வாங்குபவர்களுக்கு ஒன்று. டெலிவரி இலவசமாக வேண்டும் என்பதற்காகத் தேவையில்லாத இரண்டு பொருளைக் கூடையில் சேர்ப்பதை விட, பல நேரம் அந்தக் கட்டணத்தைக் கட்டிவிடுவதே மலிவு. இன்னும் நல்லது, இரண்டு நாள் பொறுங்கள். வீட்டில் வேறு ஏதாவது தீர்ந்திருக்கும், அதையும் சேர்த்து ஆர்டர் போடலாம்.