பச்சை மை பூசிய ஜூரிப் பட்டியல்

அன்புள்ள ஐயா,

அமெரிக்க மரண தண்டனை பற்றிய உங்கள் கட்டுரை படித்தேன். சட்டத்தின் முன் எல்லாரும் சமம் என்று அரசியலமைப்பிலேயே இருக்கும்போது, மாநிலங்கள் எதற்குத் தனியாக 'இன நீதிச் சட்டம்' போடுகின்றன? கொலைகாரன் தோல் நிறத்தைச் சொல்லித் தப்பிக்க வழியாகிவிடாதா?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

தப்பிப்பது பற்றி முதலில். வட கரோலினாவின் 2009 சட்டப்படி, இனப் பாகுபாட்டால்தான் மரண தண்டனை வந்தது என்று காட்டிக் கைதி வென்றால் கிடைப்பது பரோல் இல்லாத ஆயுள் தண்டனை. விடுதலை இல்லை.

'எதற்குத் தனிச் சட்டம்' என்பதற்கு 1987-க்குப் போக வேண்டும். ஜார்ஜியாவில் மரண தண்டனை பெற்ற கறுப்பினக் கைதி மெக்ளெஸ்கியின் வழக்கில், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கொலை வழக்குகளை அலசிய ஆய்வு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. மற்ற காரணிகளைக் கழித்த பிறகும், இறந்தவர் வெள்ளையராக இருந்தால் மரண தண்டனைக்கான வாய்ப்பு விகிதம் 4.3 மடங்கு. (கொன்றவரின் நிறத்தைவிட இறந்தவரின் நிறமே அதிகம் பேசியது. பலரும் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள்.) ஆய்வு சரியென்றே வைத்துக்கொண்டாலும், இந்த வழக்கில் இன்னார் வேண்டுமென்றே பாகுபாடு காட்டினார் என்று நிரூபிக்கவில்லை என 5-4 என்ற கணக்கில் மனு தள்ளுபடியானது. ஜூரியின் (தீர்ப்பு சொல்லும் பொதுமக்கள் குழுவின்) மனதுக்குள் போய் யார் சாட்சி எடுப்பது? இந்த வாதங்களுக்கு ஏற்ற இடம் சட்டமன்றம் என்றது தீர்ப்பு. அதை எழுதிய நீதிபதி பவல், ஓய்வுபெற்றபின், வாய்ப்பிருந்தால் என் வாக்கை மாற்றிக்கொள்வேன் என்றார். மெக்ளெஸ்கிக்கு 1991-இல் மின்சார நாற்காலி.

கென்டக்கி 1998-இல் முதல் இன நீதிச் சட்டம் போட்டது. வட கரோலினா புள்ளிவிவரத்தையே சான்றாக ஏற்றது. அங்கே 1990 முதல் 2010 வரையிலான 173 மரண தண்டனை வழக்குகளை ஆராய்ந்ததில், தகுதியுள்ள கறுப்பின ஜூரர்களில் 52.6 சதவீதத்தினரை அரசு வழக்கறிஞர்கள் நீக்கியிருந்தார்கள், மற்றவர்களில் 25.7. (ஜூரித் தேர்வில் சிலரைக் காரணம் சொல்லாமலே நீக்க இரு தரப்பு வக்கீல்களுக்கும் உரிமை உண்டு.) இதை வைத்து 2012-இல் நான்கு தண்டனைகள் ஆயுளாக மாறின. மறு ஆண்டே சட்டமன்றம் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. ஏற்கெனவே மனு போட்டவர்களை அந்த ரத்து தடுக்காது என்று மாநில உச்ச நீதிமன்றம் சொல்ல 2020 ஆயிற்று.

நோய் ஜூரித் தேர்வில் இருக்கிறது என்பது என் எண்ணம். நிறத்தை வைத்து நீக்கக் கூடாது என்று 1986-இலேயே உச்ச நீதிமன்றத்தின் பேட்சன் தீர்ப்பு சொன்னது. ஆனால் நிறத்தோடு சம்பந்தமில்லாத ஒரு காரணத்தைச் சொன்னால், பெரும்பாலும் அதோடு விஷயம் முடிந்துவிடும்: கண்ணைப் பார்த்துப் பேசவில்லை, போலீஸை நம்பவில்லை. ஜார்ஜியாவின் ஃபாஸ்டர் வழக்கில் அரசுத் தரப்புப் பட்டியலில் கறுப்பினப் பெயர்களுக்குப் பச்சை மை பூசி, பக்கத்தில் 'பி' ('பிளாக்' என்பதன் முதலெழுத்து) என்று எழுதியிருந்தார்கள். விசாரணை நடந்தது 1987-இல். அந்தத் தாள்கள் வெளிவந்தது 2006-இல். உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது 2016-இல்.

அதனால்தான் ஜூரித் தேர்வுக்கான வாஷிங்டன் மாநிலத்தின் 2018 விதி எனக்கு உசத்தியாகப் படுகிறது. அங்கே உள்நோக்கத்தை நிரூபிக்க வேண்டியதில்லை. நடுநிலையான ஒருவர் பார்த்தால் இனமும் ஒரு காரணமாகத் தோன்றக்கூடும் என்றாலே அந்த நீக்கம் செல்லாது. போலீஸ் மீது அவநம்பிக்கை, குற்றம் மிகுந்த பகுதியில் குடியிருப்பு, அரசு உதவி பெறுவது போன்ற சாக்குகளை விதியே பட்டியலிட்டு, செல்லாதவை என்ற அனுமானத்தோடு தொடங்குகிறது. சரிசெய்வது விசாரணைக்கு முன்பே. இருபது வருடம் கழித்தல்ல.

அரிசோனா 2022 முதல், காரணம் சொல்லாமல் ஜூரரை நீக்கும் உரிமையையே எடுத்துவிட்டது. கைதியின் வக்கீலுக்கும் அந்த உரிமை போயிற்று.