சிஇஓ சம்பளத்தைப் பங்கிட்டால் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வருமான ஏற்றத்தாழ்வு பற்றிய உங்கள் கட்டுரையில் சிஇஓக்களின் சம்பளத்தைச் சாடியிருந்தீர்கள். நான் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2021-22இல் இன்ஃபோசிஸ் சிஇஓ பெற்றது 71 கோடி ரூபாய். ஊழியர்கள் சுமார் 3.14 லட்சம் பேர். முழுவதையும் பங்கிட்டாலும் தலைக்கு மாதம் 190 ரூபாய்கூடத் தேறாது. இதனால் நாட்டின் பொருளாதாரத்துக்கு என்ன வந்துவிடும்?

க., ஓசூர்

அன்புள்ள க.,

உங்கள் கணக்கு சரி. அந்த 71 கோடியிலும் ஏறக்குறைய 52 கோடி, முன்பு ஒதுக்கப்பட்ட பங்குகளை அவர் அந்த ஆண்டில் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டதால் வந்தது. ஆகவே ஓராண்டுத் தொகையை மட்டும் வைத்து யாரையும் எடைபோட முடியாது.

என் கவலை, அந்தச் சம்பளம் எதோடு கட்டப்பட்டிருக்கிறது என்பதில்தான். 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 197ஆம் பிரிவு, லாபம் ஈட்டும் நிறுவனத்தின் ஒரு நிர்வாக இயக்குநருக்கு நிகர லாபத்தில் 5 சதவீதம், எல்லா இயக்குநர்களுக்கும் சேர்த்து 11 சதவீதம் என்று வரம்பு வைக்கிறது. பங்குதாரர்கள் சிறப்புத் தீர்மானம் போட்டால் அதையும் தாண்டலாம். லாபம் ஏறினால் வரம்பும் ஏறும். கூலிச் செலவைக் குறைத்தால் லாபம் இந்த ஆண்டே ஏறும். நிரந்தர வேலைகளை ஒப்பந்ததாரரிடம் தள்ளிவிடுவது அதற்கு எளிய வழி. முடிவை எடுப்பவருக்கே அதில் ஆதாயம். ஆலைகளில் ஒப்பந்தத் தொழிலாளர் பங்கு இன்று 40 சதவீதத்தைத் தாண்டிவிட்டதற்கு இது ஒன்றே காரணமல்ல. ஆனால் இதை விட்டுவிட்டு அதை விளக்க முடியாது.

கெடுதல் இங்கேதான் தொடங்குகிறது. ஒரு நிறுவனத்தின் தொழிலாளி இன்னொரு நிறுவனத்தின் வாடிக்கையாளர். எல்லோரும் கூலியைப் பிடித்தால் எல்லோருக்கும் விற்பனை சுணங்கும். நம் ஜிடிபியில் ஏறத்தாழ 60 சதவீதம் மக்களின் நுகர்வுச் செலவு. 15,000 ரூபாய் வாங்குபவருக்கு 2,000 கூட்டிக் கொடுத்தால் அது அந்த மாதமே மளிகைக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் போய்விடும். கோடிகளில் வாங்குபவரின் உபரி பங்குச் சந்தைக்கும் மனைக்கும் போகும். உங்கள் ஊர்த் தொழிலையே பாருங்கள்: 2018-19இல் 2.1 கோடியைத் தாண்டிய உள்நாட்டு இருசக்கர வாகன விற்பனை, 2024-25 வரை அந்த உச்சத்தை மறுபடி எட்டவில்லை. வண்டி விலை, காப்பீடு, கொரோனா எல்லாம் அதில் உண்டு. வாங்குபவரின் கையில் பணம் கூடாததும் உண்டு.

பட்டியலிடப்பட்ட நிறுவனம் எதன் ஆண்டறிக்கையிலும் நீங்களே இதைச் சோதிக்கலாம். இயக்குநர் குழு அறிக்கையின் பின்னிணைப்பில், இயக்குநரின் ஊதியம் இடைநிலை ஊழியரின் ஊதியத்தைப் போல எத்தனை மடங்கு என்று போட்டிருப்பார்கள். சம்பள வரிசைப்படி ஊழியர்களை நிறுத்தினால் நட்டநடுவில் வருபவரே இடைநிலை ஊழியர். இந்த எண்ணை அப்படியே நம்பிவிடாதீர்கள். துப்புரவு, காவல், கேன்டீன் ஆட்களைச் சம்பளப் பட்டியலிலிருந்து நீக்கி ஒப்பந்தத்தில் விட்டால், நடுவில் நிற்பவர் சற்று அதிகம் வாங்குபவராக மாறிவிடுவார். மடங்கு குறையும், அறிக்கை அழகாகத் தெரியும், அந்த ஆட்களின் நிலைமை மோசமாகியிருக்கும். நேர்மாறாக, புதியவர்களை நிறைய எடுத்த ஆண்டில் இடைநிலை ஊதியம் இறங்கி, மடங்கு எகிறும். ஆகவே ஐந்தாண்டு அறிக்கைகளைச் சேர்த்துப் பாருங்கள். சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களில் உள்ள பட்டியல் நிறுவனங்கள் தரவேண்டிய பிஆர்எஸ்ஆர் (வணிகப் பொறுப்பு, நீடித்த தன்மை) அறிக்கையில் நிரந்தரத் தொழிலாளர், நிரந்தரமல்லாதோர் எண்ணிக்கை தனித்தனியே இருக்கும். அதையும் பக்கத்தில் வையுங்கள்.

இயக்குநரின் சம்பளத்தைப் பங்குதாரர்கள் தடுத்ததும் உண்டு. ராயல் என்ஃபீல்டைத் தயாரிக்கும் ஐஷர் மோட்டார்ஸில் 2021 ஆகஸ்டில் நிர்வாக இயக்குநரின் மறுநியமனமும் ஊதியமும் சேர்ந்த சிறப்புத் தீர்மானம், தேவையான முக்கால் பங்கு வாக்கு கிடைக்காமல் தோற்றது. பிறகு உச்சவரம்பைக் குறைத்து மறுபடி கொண்டுவந்தார்கள். அங்கே வாக்களிப்பவர்களில் மியூச்சுவல் ஃபண்டுகளும் உண்டு. நீங்கள் எஸ்ஐபி, அதாவது ஃபண்டில் தவணை முறை முதலீடு, கட்டுபவராக இருந்தால், உங்கள் ஃபண்ட் எந்தத் தீர்மானத்துக்கு எப்படி வாக்களித்தது, ஏன் என்ற விவரம் அதன் இணையதளத்திலேயே கிடைக்கும்.