முதல் உடும்பு: எதில் தொடங்கலாம்?

கேள்வி: கோண்டாவிலில் இருக்கிறேன், வயது 20. பின்வளவில் கிடந்த கல் அடுக்கைப் பிரித்தபோது ஒரு சாண் நீளத்தில் உடும்புக் குட்டி ஒன்று அகப்பட்டது. மீன் தொட்டியில் விட்டு அவித்த முட்டை கொடுக்கிறேன். இன்னும் சில மாதத்தில் படிக்க லண்டன் போகிறேன். அங்கே கடைகளில் சவானா உடும்பு மலிவாகக் கிடைக்கிறதாம். மீன் தவிர வேறு எதுவும் வளர்த்துப் பழக்கமில்லை. முதல் உடும்பாக எதை எடுக்கலாம்?

பதில்: முதலில் தொட்டியில் இருப்பதைப் பற்றிப் பேசிவிடுவோம். அதை விட்டுவிடுங்கள், இன்றைக்கே. எடுத்த அதே இடத்தில், வெயில் ஏறிய பிறகு, நாய் பூனை இல்லாத நேரம் பார்த்து விடுங்கள். பிரித்த கற்களையும் முடிந்தவரை பழையபடி அடுக்கி வையுங்கள். காயம் இருந்தால் மட்டும் வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். நம் ஊர் உடும்பும் சரி, கபரகொய்யா எனப்படும் நீர் உடும்பும் சரி, இரண்டும் 1937ஆம் ஆண்டின் வன விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருபவை. பிடிப்பதும் வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். இறைச்சிக்கும் எண்ணெய்க்கும் அடிப்பவர்களுக்கும் அதே சட்டம்தான், ஊரில் யாரும் அதைக் கணக்கில் எடுப்பதில்லை என்பது வேறு கதை. காட்டு உயிர்களின் சர்வதேச வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தில், மிகக் கடுமையான தடை உள்ள முதலாம் பட்டியலிலும் ஊர் உடும்பு இருக்கிறது. கொமோடோ உடும்புக்கு உள்ள அதே தடைதான் இதற்கும்.

சட்டமே இல்லாவிட்டாலும் இதையேதான் சொல்வேன். இந்தச் சாண் அளவுக் குட்டி ஒன்றரை மீற்றருக்கு வளரக்கூடியது. அதைவிடப் பெரிய சிக்கல் சூடு. ‘யாழ்ப்பாண வெக்கையே போதும், தனியாக லைற் எதற்கு?’ என்று பலரும் நினைக்கிறார்கள். வெளியில் திரியும் உடும்பு காலையில் சுடுகல்லில் படுத்து உடம்பைச் சூடேற்றும், இரை தேடும், சூடு மிஞ்சினால் வளைக்குள்ளோ மரப்பொந்துக்குள்ளோ போய்விடும். ஒரே நாளில் பல வெப்பநிலைகளுக்குள் போய்வந்துதான் அது சீவிக்கிறது. கண்ணாடித் தொட்டிக்குள் இருப்பது ஒரே வெப்பநிலை. நிழலில் வைத்தால் தின்றது செரிக்காது, வெயிலில் வைத்தால் உயிரோடு அவிந்துவிடும்.

சரி, லண்டன் விசயத்துக்கு வருவோம். சவானா உடும்பு மலிவு என்பதற்காக அதில் தொடங்காதீர்கள். மலிவாக இருப்பதற்கே காரணம் இருக்கிறது. மேற்கு ஆபிரிக்காவில், கானா, டோகோ, பெனின் பக்கங்களில், காட்டிலிருந்து பிடித்தோ காட்டு முட்டைகளைப் பொரிக்க வைத்தோ பெருந்தொகையாக ஏற்றுமதி செய்கிறார்கள். வந்து சேரும்போதே பல குட்டிகள் நீர் வற்றி, ஒட்டுண்ணிகளோடு இருக்கும். வளர்ந்தால் ஒரு மீற்றர் வரும். தோண்டுவதற்கு அரை மீற்றருக்கு மேல் ஆழமான மண் கேட்கும், அந்தப் பாரத்தை வாடகை வீட்டு மேல்மாடி தாங்குமா என்றே யோசிக்க வேண்டும். காட்டில் இதன் இரை பெரும்பாலும் பூச்சிகளும் நத்தைகளும். வளர்ப்பவர்கள் சுலபம் என்று எலியாகவே போட, கொழுப்பு ஏறி, ஈரல் கெட்டுச் செத்துப்போகிறது. சாதுவான உடும்பு என்று விற்பார்கள். ஆடாமல் அசையாமல் கிடப்பது சில வேளை நோயின் அறிகுறி.

நீர் உடும்பை யோசிக்கவே வேண்டாம். இரண்டு மீற்றர் மிருகத்துக்கு ஒரு முழு அறையும், அது முங்கிக் குளிக்கத் தொட்டியும் வேண்டும்.

என் தெரிவு அவுஸ்திரேலியாவின் முள்வால் உடும்பு. வளர்ப்பவர்கள் ‘அக்கி’ என்பார்கள். வால் நுனிவரை அளந்தாலும் ஏறத்தாழ 60, 70 சென்ரிமீற்றர்தான். அவுஸ்திரேலியா தன் காட்டு ஊர்வனவற்றை வியாபாரத்துக்கு ஏற்றுமதி செய்ய விடுவதில்லை, அதனால் வெளிநாட்டில் கிடைப்பவை பெரும்பாலும் வளர்ப்பவர்களின் கூட்டிலேயே பொரித்த குட்டிகள். கேட்கும் விலை கூடத்தான். ஆனால் ஆரோக்கியமான குட்டி கிடைக்கும், நன்றாகத் தின்னும், பகலில் சுறுசுறுப்பாக ஓடித்திரியும். பெரிய உடும்பின் குணம் முழுக்க இந்தச் சின்ன உடம்பில் இருக்கிறது.

சின்னது என்றாலும் கூடு சின்னதாக இருக்க முடியாது. ஒன்றுக்கு 4 அடி நீளம் என்பது குறைந்தபட்சம், 6 அடி இருந்தால் நல்லது. அடியில் ஒரு அடி ஆழத்துக்கு, தோண்டினால் வளை இடிந்து விழாத ஈரமான மண் கலவை. ஒரு முனையில் கல்லின் மேற்பரப்பு 55 முதல் 65 பாகை செல்சியஸ் வரை சுட வேண்டும், மறுமுனை 25 பாகை அளவில் குளிர்ந்திருக்க வேண்டும். 65 என்றதும் பயப்பட வேண்டாம், அது கல்லின் சூடு, காற்றின் சூடு அல்ல. லேசர் வெப்பமானி ஒன்று வாங்கி நீங்களே அளந்து பாருங்கள். புறஊதா பி கதிர் தரும் குழாய் விளக்கும் தேவை, அது எரிந்துகொண்டிருந்தாலும் காலப்போக்கில் கதிர் குறையும், ஆண்டுக்கொரு முறையாவது மாற்ற வேண்டும். சில்வண்டு, வளர்ப்புக் கரப்பொத்தான் போன்றவற்றில் கல்சியம் பவுடர் தூவிக் கொடுங்கள். கல்சியமும் கதிரும் குறைந்தால் எலும்பு மெலிந்து வளைந்துவிடும், வளைந்த எலும்பு நிமிராது.

கூட்டை முதலில் கட்டி, குட்டி இல்லாமலே இரண்டு கிழமை விளக்குகளை எரிய விட்டு, இரவும் பகலும் அளந்து பார்த்த பிறகே குட்டி வாங்குங்கள். தம்பி, மீன் வளர்த்தவருக்கு இது புதிதில்லை, தண்ணீர் பதப்படும் முன் மீன் விடுவீர்களா? அப்புறம், கைக்குப் பழகட்டும் என்று குட்டியைத் துரத்திப் பிடிக்காதீர்கள். தானாக வந்து இடுக்கியிலிருந்து இரை எடுக்கும் வரை பொறுங்கள். தொட்ட பிறகு சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள், ஊர்வனவற்றில் வயிற்றோட்டம் தரும் சல்மோனெல்லா கிருமி சகஜம்.

கடைசியாக இருப்பிடம். பல்கலைக்கழக விடுதி என்றால் பொதுவாக அனுமதி கிடைக்காது. வாடகை அறை என்றால் வீட்டுக்காரரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள், மின்சாரக் கட்டணம் யார் தலையில் என்பதையும் பேசிவிடுங்கள். அக்கி 15 ஆண்டு வாழக்கூடியது, உங்கள் படிப்பு மூன்று நான்கு ஆண்டு. விசா, வேலை, வீடு எல்லாம் ஒரு நிலைக்கு வந்தபின் வாங்குவதே என் ஆலோசனை.