எத்தனை முறைதான் கேட்பது? – கடிதமும் பதிலும்

வணக்கம்.

திருமணமாகி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. கணவர் நல்லவர்தான். ஆனால் அவர் முகம் கொஞ்சம் வாடினாலோ, நான் அனுப்பும் செய்திக்கு "சரி" என்று மட்டும் பதில் வந்தாலோ பதற்றமாகிவிடுகிறது. "என்மேல் கோபமா?" என்று கேட்பேன். இல்லை என்பார். கொஞ்ச நேரம் நிம்மதி, மறுபடி கேட்பேன். முன்பு பொறுமையாகச் சொன்னவர், இப்போது "இப்படியே கேட்டால் நிஜமாகவே கோபம் வந்துவிடும்" என்கிறார். உனக்குச் சுயமதிப்பு குறைவு, தினமும் கண்ணாடி முன் நின்று "நான் அன்புக்குரியவள்" என்று சொல் என்றாள் தோழி. ஒரு மாதமாகச் சொல்கிறேன். சொன்ன பிறகு மனசு இன்னும் பாரமாகிறது. எனக்கு மட்டும்தான் இப்படியா?

ம.

அன்புள்ள ம.,

உங்களுக்கு மட்டும் இல்லை. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோஆன் வுட் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் கிட்டத்தட்ட இதே வாக்கியத்தை வைத்துச் சோதித்து, 2009இல் முடிவுகளை வெளியிட்டார்கள். சுயமதிப்பு குறைந்தவர்கள் அதைத் திரும்பத் திரும்பச் சொன்னபோது, சொல்லாதவர்களைவிட மோசமாக உணர்ந்தார்கள். நம்பாத ஒன்றை வாய் சொல்லும்போது, "அப்படியானால் போன வாரம் ஏன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்?" என்று மனம் உள்ளே எதிர்வாதம் செய்யும். கண்ணாடிப் பயிற்சியை இன்றே நிறுத்திவிடுங்கள். தோழியிடம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

சிக்கல் அந்தக் கேள்வியில் இருக்கிறது. அவர் "இல்லை" என்றதும் பதற்றம் சட்டென்று இறங்குகிறது. கேட்டால்தான் இறங்கும் என்று மனம் பழகிக்கொள்கிறது. அடுத்த முறை இன்னும் சீக்கிரம் கேட்கத் தூண்டுகிறது. கூடவே, கேட்டு வாங்கிய பதிலுக்கு மதிப்பும் குறைகிறது. நான் கேட்டதால்தானே சொன்னார் என்ற சந்தேகம் வந்துவிடும். மனச்சோர்வு உள்ளவர்களிடம் இந்தச் சுழலை அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் காய்ன் 1976இலேயே விளக்கியிருக்கிறார்: உறுதி கேட்பது, நம்பாமல் மறுபடி கேட்பது, எதிரில் இருப்பவர் சலித்துப்போவது, கடைசியில் கேட்டவர் பயந்தது போலவே அவர் விலகுவது. உங்கள் கணவர் சொன்னதும் இதைத்தான். தன்னைக் குறைவாக மதிப்பவர்கள், துணைவர் தங்கள்மேல் உண்மையில் வைத்திருக்கும் மதிப்பையும் குறைத்தே கணிக்கிறார்கள் என்று உளவியலாளர் சாண்ட்ரா மரேயின் ஆய்வுகள் காட்டுகின்றன. ஆகவே அவர் முகத்தைப் பார்த்து நீங்கள் போடும் கணக்கை அப்படியே நம்ப வேண்டாம்.

ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். கேட்கத் தோன்றியதும் மூன்று வரி எழுதுங்கள். கண்ணால் கண்டது: "இரவு 7.40. 'சரி' என்று ஒரே சொல்." நான் எடுத்த முடிவு: "என்மேல் வெறுப்பு." வேறு என்னவாக இருக்கலாம்: "வேலை நடுவில் பதில் போட்டிருக்கலாம்." மூன்றாவது வரியை நம்ப வேண்டும் என்று கட்டாயமில்லை, எழுதினால் போதும். பிறகு பத்து நிமிடம் கேட்காமல் இருங்கள். கையைக் கட்டிக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்து உட்கார வேண்டாம். கைக்கு வேலை இருக்கட்டும். அடுத்த வாரம் இருபது நிமிடம், அதற்கடுத்து அரை மணி. பதற்றம் ஏறும், பிறகு பதில் கிடைக்காமலே தானாக இறங்கும். உடம்புக்கு இது அனுபவமாகத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். முதல் சில நாள்கள் கேட்கும் துடிப்பு அதிகமாகலாம். அதைப் பார்த்து விட்டுவிடாதீர்கள்.

அரை மணி கழித்தும் கேட்டே ஆக வேண்டுமென்றால் ஒரே ஒரு முறை கேளுங்கள், வேறு விதமாக. "வந்ததிலிருந்து நீங்க பேசவே இல்லை. இப்போ பேச முடியாதுன்னா பரவாயில்லை, எப்போ பேசலாம்னு மட்டும் சொல்லுங்க." இதற்கு அவரால் உருப்படியாகப் பதில் சொல்ல முடியும். "கோபமா?" என்பதற்கு எத்தனை முறை இல்லை என்றாலும் போதாது.

இந்தப் பயிற்சி பெரும்பாலும் கெடுவது, கேள்வி மாறுவேடத்தில் வருவதால். காரணமே இல்லாமல் "சாரி" சொல்வது, வாட்ஸ்அப்பில் கடைசியாக எப்போது வந்தார் என்று பார்ப்பது, அவர் தங்கையிடம் "அண்ணன் ஏதாவது சொன்னாரா?" என்று விசாரிப்பது, நான் பேசாமல் இருந்தால் கவனிக்கிறாரா பார்ப்போம் என்று சோதிப்பது எல்லாம் அதே கேள்விதான். நோட்டில் இவையும் ஏற வேண்டும்.

கணவரிடமும் இதைச் சொல்லுங்கள். சண்டைக்கு நடுவில் வேண்டாம், இருவரும் சாதாரணமாக இருக்கும்போது. நீங்கள் கேட்டால் அவர் "இல்லை, இல்லை" என்று அடுக்காமல், "இது அந்தக் கேள்வி, அரை மணி கழிச்சுப் பேசலாம்" என்று கனிவாகச் சொல்லட்டும். குத்திக்காட்டும் தொனி வந்தால் ஏற்பாடு அன்றோடு முடிந்தது. பதிலுக்கு அவரும் ஒன்று தர வேண்டும்: உண்மையிலேயே வருத்தம் இருந்தால், அன்றைக்குள் தானாகவே சொல்லிவிட வேண்டும். என் பார்வையில் இதுதான் முக்கியம். இது இல்லாவிட்டால் அவருடைய ஒவ்வொரு மௌனத்துக்கும் நீங்கள் அர்த்தம் தேடிக்கொண்டேதான் இருப்பீர்கள்.

சுயமதிப்பைத் தனியாக வளர்க்க முயல வேண்டாம். வாரம் ஒரு முறை, சின்ன விஷயம் ஒன்றில் அவரோடு உடன்படாதீர்கள். "எனக்கு இது பிடிக்கவில்லை" என்று சொல்லிவிட்டுச் சமாதானம் செய்யாமல் இருங்கள். கருத்து வேறுபட்டும் மறுநாள் உறவு அப்படியே இருப்பதைப் பார்ப்பது, நூறு "இல்லை"களைவிட அதிகம் உதவும்.

ஒரு விலக்கு உண்டு. அவர் தண்டனையாகவே நாள்கணக்கில் பேசாமல் இருக்கிறார், பிறர் முன் இழிவாகப் பேசுகிறார், உங்கள் போனையும் பணத்தையும் கண்காணிக்கிறார், அவரைப் பார்த்தாலே பயம் என்றால் மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. அது சுயமதிப்புக் குறை அல்ல, நியாயமான எச்சரிக்கை. நம்பகமான ஒருவரிடம் அவர் இல்லாதபோது பேசுங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாள்களில் மனம் சோர்ந்து, தூக்கமும் பசியும் கெட்டிருந்தால் மருத்துவரைப் பாருங்கள். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் அன்றே போக வேண்டும். போகும்போது அந்த நோட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள்; முதல் சந்திப்பில் விளக்கும் நேரம் குறையும்.